பலகை குடிக்கிற எண்ணெய்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. வைட்டமின் சாப்பிட்டால் தசை வளருமா என்று தேகப்பயிற்சி இதழ் ஒன்று கட்டுரை கேட்டிருந்தது. ‘உடலில் குறைவிருந்தால் அது நிரப்பும்; குறைவில்லாதவனுக்கு’ என்பதுவரை எழுதி நிறுத்தினேன். அந்த வாக்கியத்துக்கு அப்பால் ஒருவன் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

2

குளச்சல், 1936. சிலுவைதாசன் மாவீரன் (இல்லை, ‘மாவீரனை’ அடித்துவிடுகிறேன்) வள்ளத்தில் பின்துடுப்புக்காரன். திருவிழாவில் நங்கூரக்கல்லைத் தோளுக்கு ஏற்றுகிறவனுக்கே முன்துடுப்பு. அதற்குத்தான் கட்டை.

அவன் மனைவி சவேரியம்மைக்கு ஏழு மாதம். கருங்கல் சந்தையில் மீன் விற்றுத் திரும்பும்போது அந்தியில் கண் தெரியவில்லை. வைட்டமின் குறைவு, தினம் ஒரு கரண்டி குடி என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் சுறா ஈரல் எண்ணெய் ஒரு குப்பி கொடுத்தார்கள்.

சிலுவைதாசன் முகர்ந்து பார்த்தான்.

“ஏட்டி, இது வள்ளத்துக்குப் பூசுத எண்ணெயில்லா? பலகையே இதக் குடிச்சு நாலு மழ தாங்குது. மனுசன் குடிச்சா?”

“நீரே குடியும். முதுவுல பாசி புடிக்காது.”

“ஒனக்கு?”

“எனக்குக் கண்ணு தெளிஞ்சாச்சு” என்று பொய் சொன்னாள். நல்ல மீன்துண்டையும் அவள் இப்படித்தான் அவன் பக்கம் தள்ளுவாள்.

3

ஒரு மாதத்தில் புஜம் பெருத்தது. கூடத் துடுப்புப் போடும் சூசை அமுக்கிப் பார்த்தான்.

“என்ன மக்கா, கல்லுபோல இருக்கு?”

“எல்லாம் எண்ணெயாக்கும்.”

[கட்டுரைக்காரனின் குறிப்பு: எண்ணெய் இல்லை. கட்டையும் வலை இழுப்பும் அந்த மீன்துண்டுகளும். எண்ணெய்க்கு அந்தப் புஜத்தில் வேலையே இல்லை. வேலை இருந்த இடம்]

4

அந்தி நேரங்களில் அவன் கடலில் இருப்பான். திருவிழாவுக்கு முந்தின நாள் மட்டும் போகவில்லை. இன்னொருத்தியின் சேலைத்தலைப்பைப் பிடித்தபடி சவேரியம்மை வந்து சேர்ந்தாள். அந்தப் பெண் வாசலில் விட்டுவிட்டுப் போனதும், சவேரியம்மை தனியே ஒரு கையை நீட்டித் துழாவினாள். எதிரே, இரண்டு முழத் தூரத்தில், அவன்.

“யாரது?” என்றாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் மறுநாள் கல்லைத் தூக்குகிறான். பகல்வெளிச்சம், அவளும் பார்க்கிறாள். கிழித்தேன். மற்றதில், போட்டியை விட்டுவிட்டு அவளுக்கு இன்னொரு குப்பி வாங்க விடியுமுன் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறான். நல்ல முடிவுதான். ஆனால் அதற்குமுன் அவள் கேள்விக்கு அவன் வாயைத் திறக்க வேண்டும்.

பதினொரு நாளாக வாசலிலேயே நிற்கிறான். என்னால் அவனைப் பேசவைக்க முடியவில்லை. அவள் கை இன்னும் நீண்டிருக்கிறது. கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

நீங்களாவது பதில் சொல்லுங்கள்.