சிப்புக்கு ஒரு பல் எக்ஸ்ரே

லைப்ரரியை அப்டேட் செய்யலாமா என்று சாஃப்ட்வேர் கேட்டதும், யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டாள் அவள். லிஃப்ட் பட்டன்களுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை வடிவமைப்பது அவள் வேலை. போர்டில் உட்காரும் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவும் கால்களின் வரிசையும் காட்டும் படம் அந்த லைப்ரரியில்தான் இருக்கும். அப்டேட் ஆனதும், முடித்து வைத்திருந்த போர்டு முழுக்க அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். பெரும்பாலும் பெயர் மாற்றம்தான். பழைய பெயர்களைக் காணாமல் சாஃப்ட்வேர் கூப்பாடு போட்டிருந்தது. புதுப் பெயர்களோடு இணைத்ததும் புள்ளிகள் அடங்கின. ஒரே ஒரு சிப் மட்டும் மசியவில்லை. அதன்மேல் அச்சடித்த எழுத்தை நேராக வைத்தால், ஒன்றாம் கால் இடது மேல்மூலையில் என்றது பழைய லைப்ரரி. இல்லை, வலது கீழ்மூலையில் என்றது புதியது. தலைகீழாக ஒட்டினால் கரண்ட் கொடுத்ததுமே கருகிவிடும்.

ஒன்றாம் கால் அருகே ஒரு குழி இருக்கும் என்றது தயாரிப்பாளரின் வரைபடம். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு மூலைகளிலும் மூலைக்கொன்றாகக் குழி இருந்தது. எது அடையாளம், எது வார்ப்பில் விழுந்த தடம் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆனால் குறிப்பில் இன்னொரு வரி கண்ணில் பட்டது: சிப்புக்குள் இருக்கும் செம்புத் தட்டில், ஒன்றாம் கால் பக்கத்து மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

அப்போதுதான் நாத்தனார் ஞாபகம் வந்தது. அவள் பல் டாக்டர். க்ளினிக் பக்கத்துத் தெருவில்.

விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள் நாத்தனார். "ஈறு எது, வேர் எதுன்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணி," என்றாள். வாய்க்குள் வைக்கிற எக்ஸ்ரே தகட்டின்மேல், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத சிப்பை வைத்தார்கள். எழுத்து நேராக இருக்கும்படி வைத்து, அடையாளத்துக்காக இடது மேல்மூலையை ஒட்டி ஒரு ஊசி.

படம் திரையில் விழுந்தது. இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

இத்தனை வருஷமாக அவளுக்குச் சிப் என்பது திரையில் ஒரு கறுப்புச் சதுரம். இங்கே, நடுவில் இருந்த தட்டின் மேலிருந்து நாலாபக்கமும் கம்பிகள் கிளம்பின. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள், காலுக்கு ஒன்றாக, ஒன்றோடொன்று உரசாமல். தட்டின்மேல் ஒட்டியிருக்கும், கம்பிகள் தொடங்குகிற சிலிக்கன் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் அவை வெறுமையிலிருந்தே புறப்பட்டதுபோல் இருந்தன. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தான் மௌஸால் இழுத்துப் போட்டு, பிடிக்காவிட்டால் அழித்துவிடும் பொருளுக்குள் இவ்வளவு பொறுமை இருந்ததா? அவளுக்குக் கை கூசியது.

கன்னம் வீங்கிக் காத்திருந்த பஸ் டிரைவர் வலியை மறந்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் யாரும்மா கட்டுறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மெஷின்தாங்க கட்டுது," என்றாள். சொன்னதும் அது பதிலாகவே படவில்லை. "அந்த மெஷினை நானும் பார்த்ததில்லை."

"அண்ணி, வந்த காரியம்," என்று நாத்தனார்தான் நினைவுபடுத்தினாள்.

வெட்டிய மூலை ஊசியின் பக்கமே இருந்தது. அப்டேட்தான் தப்பு. அந்த ஒரு சிப்பை மட்டும் பழையபடி திருப்பி வைத்துப் போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பினாள். எக்ஸ்ரேயோடு லைப்ரரிக்காரர்களுக்கு எழுத, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். போர்டுகள் தயாராகி வந்தபோது, கரண்ட் கொடுத்ததும் பட்டன் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

விளக்கு எரிந்த அன்று சாயங்காலமே நாத்தனார் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, பேஷன்ட் யாரும் இல்லை. வேற ஏதாவது எடுத்துட்டு வாங்களேன். உள்ள பார்ப்போம்."