மொட்டை மாடியில் ஒரு டீல்

தெருவில் டமால் என்று ஒரு சத்தம். பாரத்தின் கையிலிருந்த காற்றாடி நூல் சட்டென்று தொய்ந்தது.

மொட்டை மாடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஆழ்வார்பேட்டையின் அந்தக் குறுகலான தெருவில் ஒரு ஸ்கூட்டர் கவிழ்ந்து கிடந்தது. சாப்பாடு டெலிவரி செய்கிற ஆள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம்.

"மாஞ்சா அறுத்துடுச்சு மச்சி," என்றான் செம்பியன். பின் தெரு ஹவுசிங் போர்டுப் பையன். கண்ணாடித் தூள் பூசிய அந்த மாஞ்சா நூலுக்குத் தடை இருப்பது இருவருக்கும் தெரியும். வெறும் நூலே போதும் என்று செம்பியன் சொல்லித்தான் பார்த்தான். நூலோடு நூல் உரசி டீல் விட்டு நாலு காற்றாடியை அறுத்தாக வேண்டும் என்று பாரத்துக்கு வெறி.

பதினாறு வயதுக்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தவன் பாரத். இன்னொரு புகார் வந்தால் இங்கேயும் டி.சி.தான். நூல்கண்டைச் செம்பியன் கையில் திணித்தான்.

"எங்கயாவது வீசிட்டு ஓடிடு."

"நானா? இன்னா மச்சி இது..."

"போடான்னா."

கேட்டருகே வாட்ச்மேன் செம்பியனின் சட்டையைப் பிடித்தார். போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பாரத் மேலேயே நின்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா வைதேகி கேட்டாள். "மாடில இருந்தியா?"

"இல்லம்மா."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "யார் கேட்டாலும் இதையே சொல்லு. போய்ப் படி."

லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பாரத் வாசல் கதவருகே போய் நின்றான். செம்பியன் என் பெயரைச் சொல்லியிருப்பான், இதோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தான். யாரும் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வாட்ச்மேன்தான் வந்தார். அடிபட்டவர் பெயர் ஹனீஃபாவாம். ஹெல்மெட் வார் காப்பாற்றியதாம், தாடையில் தையலோடு போயிற்றாம். "அந்தப் பையன் மேல கேஸ் போடறாங்கம்மா," என்றார்.

அப்படியானால் செம்பியன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எது உடைந்தாலும் முதலில் பாரத்தின் பெயரைத்தான் சொல்வார்கள், அவன் செய்யாததற்கும். அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவன் இதுவரை ஒருவனும் கிடையாது. புத்தகத்தில் ஒரு வரி ஓடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஒயரில் அவனுடைய சிவப்புக் காற்றாடி படபடத்தது. அறுந்த நூல் ஆள் உயரத்துக்குத் தொங்கி, தெருவிளக்கில் மின்னியது. அதன் அடியில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

பாரத் இறங்கிப் போனான். நடுத்தெருவில் நின்று வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, நூல் முழுவதையும் இழுத்துச் சுற்றினான். விரலில் கீறியது. சுற்றிய நூலோடு நேராக ஸ்டேஷனுக்கு நடந்தான்.

"இது என்னோடது சார். நான்தான் விட்டேன். செம்பியன் ஒண்ணும் பண்ணல."

எஸ்.ஐ. அவனை மேலும் கீழும் பார்த்தார். எந்த வீடு என்று கேட்டார். சொன்னதும் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க தம்பி. அப்பாவுக்குத் தெரியுமா?"

பாரத் உட்காரவில்லை. சுவரோரம் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த செம்பியனிடம் போய்க் குனிந்தான்.

"சாரிடா. இவ்ளோ நேரம் என் பேரைச் சொல்லாமலே இருந்திருக்க."

செம்பியன் நிமிர்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"வந்தவொடனே உன் பேரத்தான் சொன்னேன் மச்சி. பெரிய வீட்டுப் புள்ள மேல பழி போடுறியான்னு ரெண்டு உட்டாங்க."