பிரேக்கில் நின்றவன்

புயல் வலுவிழந்துவிட்டது என்று கேட்டு அந்தக் கடற்கரையே பெருமூச்சு விட்டபோது, வயிறு எரிந்தவள் ஒருத்தி இருந்தாள். படகுத்துறை வின்ச்சுக்காரரின் மனைவி. வெளியில் சொன்னால் ஊர் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும், அதனால் சொல்லவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது உண்மை, அதற்குக் காரணமும் இருந்தது.

வின்ச் என்பது வேறொன்றுமில்லை, படகுகளைத் தண்ணீரிலிருந்து மேட்டுக்கு இழுக்கும் இயந்திரம். இரும்புக் கயிற்றின் ஒரு முனை படகில், மறுமுனை உருளையில். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே சரிவில் நின்று குரல் கொடுக்க, இன்னொருவர் மேலே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க. ஒரு காலத்தில் கீழே அண்ணனான வின்ச்சுக்காரர், மேலே தம்பி. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தம்பியின் கை வேலை செய்துவிடும். அவர்களுடைய அப்பா நடுவில் நின்று இருவரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். வயதான பிறகு அவர் பார்த்த ஒரே வேலை அதுதான், அதைக் குறைவில்லாமல் பார்த்தார்.

ஒரு நாள் பிரேக் பிடித்திருந்தும் உருளை நழுவியது. படகு சரிவில் பின்னோக்கி ஓடியது. அப்பாவுக்கு விலக நேரமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், வின்ச்சுக்காரர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பாவக் கொன்னது நீதான்டா."

தம்பி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஊரின் தாழ்வான பக்கத்தில் ஒரு தகரக் கூரை வீட்டுக்குப் போனான். ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அவனுக்கு ஒரு பெண் பிறந்து, அது இப்போது பள்ளிக்கூடமும் போகிறது. வின்ச்சுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. பெரியம்மா என்று கூப்பிட இருந்த ஒரே குழந்தையை அவள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

இதோடு நின்றிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருக்கலாம். மறு வருஷம் வின்ச்சுக்காரர் இயந்திரத்தைப் பிரித்தார். உள்ளே பல்சக்கரம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. பிரேக்கில் யார் நின்றிருந்தாலும் அன்றைக்கு நழுவித்தான் இருக்கும். அதை எடுத்துவந்து மனைவியிடம் காட்டிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். தம்பியிடம் தானே சொல்வதாகவும், அவள் வாயைத் திறக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அவளும் புருஷன் சொல்வது நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மனிதர் சொன்னாரா? சொல்லவில்லை. தம்பி வீடு என்ன ஏழு கடல் தாண்டியா இருக்கிறது? இரண்டு தெரு. புதுப் பல்சக்கரம் வாங்கி மாட்டத் தெரிந்தவருக்கு, அந்த இரண்டு தெருவைத் தாண்டத் தெரியவில்லை. இன்றைக்குப் போகிறேன் என்பார், சட்டையும் மாட்டிக்கொள்வார், அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று கழற்றிப் போட்டுவிடுவார். வருஷங்கள் இப்படியே ஓடிவிட்டன.

அப்புறம்தான் இந்தப் புயல் கிளம்பியது. ராத்திரி கரையேறும், வீடு நிற்காது, மரம் நிற்காது என்று ரேடியோ பயமுறுத்தியது. எல்லாப் படகையும் மேலே ஏற்றியாக வேண்டும். பிரேக்கில் நிற்கும் கூலி ஆளோ முதல் அறிவிப்புக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டான். படகுக்காரர்கள் வின்ச்சுக்காரரைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில், தம்பி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய் பிரேக்கில் நின்றான். பின்னாலேயே அவன் பெண்டாட்டியும் குழந்தையும் ஒரு துணிப்பையோடு, துறையை ஒட்டியிருந்த அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"தகரம் காத்துக்குத் தாங்காதுங்கறாங்க அண்ணி. இன்னிக்கு ஒரு ராத்திரி இவங்க இங்க இருந்துக்கட்டுமா?" என்றான்.

அவள், இது கேட்கிற கேள்வியா என்று அதட்டி, ஓரகத்தியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

பகல் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து, படகுகளை மூடுகிற தார்ப்பாய்களின் கிழிசலை அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. "இழு." "சரி." "பிடி, பிடி." "பிடிச்சாச்சு." மற்றவர்களுக்கு அது வேலைப் பேச்சு. அவளுக்குக் காது குளிர்ந்தது. குழந்தை மெஷின் பக்கத்தில் வந்து நின்று, நீங்கதான் பெரியம்மாவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க என்று அடுத்த கேள்வி. நல்லவேளை, தார்ப்பாயில் ஊசி மாட்டிக்கொண்டது.

மத்தியானம் கொழுந்தனுக்கு டீ கொண்டுபோனாள். பிரேக்கிலிருந்து எடுத்த கை நடுங்கி டம்ளரிலிருந்து டீ சிந்தியது. பிடித்திருக்கும்போது ஒன்றுமில்லை, விட்டால்தான் நடுங்குகிறது என்று அவனே சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். கீழே சரிவைப் பார்க்காமல் அண்ணன் குரலை மட்டும் கேட்டு வேலை செய்கிறான் என்று அப்போதுதான் அவள் கவனித்தாள். அப்பா விழுந்த இடத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

புருஷனைத் தனியாக இழுத்து, இப்பவே சொல்லுங்கள் என்றாள்.

"வேல நடுவுல வேணாம். ராத்திரி காத்து அடிக்கும்போது யாரும் எங்கயும் போக முடியாது. நானும் எந்திரிச்சு ஓட முடியாது. கதவச் சாத்திட்டு, உக்காந்து, பொறுமையாச் சொல்லிடறேன்" என்றார்.

தன்னைத் தெரிந்த மனுஷன் பேசுகிற பேச்சாகத்தான் அது இருந்தது. அவளும் நம்பினாள். முன்னறையில் ஐந்து பேருக்கும் படுக்கை விரித்தாள். குடத்தில் தண்ணீர் பிடித்தாள், மெழுகுவர்த்தி எடுத்துவைத்தாள். கடவுள் மன்னிக்க வேண்டும், புயல் சீக்கிரம் வரட்டும் என்றுகூட நினைத்தாள்.

அது வரவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே செய்தி வந்தது. புயல் கடலிலேயே பலம் குறைந்துவிட்டது, மழைதான் இருக்கும், வீடு திரும்பலாம். தெருவில் கைதட்டல் கேட்டது. ஜன்னலுக்கு அடித்த பலகைகளைப் பிடுங்கும் சத்தம் வரிசையாகக் கிளம்பியது. இத்தனை ஆணிக்கு ஒரு கப்பலே கட்டியிருக்கலாமே என்று டீக்கடைக்காரர் சொல்ல, ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், பிழைத்தவர்கள் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது?

தம்பி கடைசிப் படகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டான். அவள் எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை.

"ஒரு படகும் நழுவல அண்ணி. அது போதும் எனக்கு. படகத் திரும்பத் தண்ணில இறக்கறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவ என்னால அங்க நிக்க முடியாது."

அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று வாசல் தூணைப் பார்த்துச் சொன்னார். இருக்கட்டும்ணே என்றான் தம்பி. அவ்வளவுதான். ஓரகத்தி தலையசைத்தாள், குழந்தை கையசைத்தது, மூன்று பேரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி முழுக்க இருக்குன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

திட்டுவதற்கு வாய் வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். திட்டி என்ன ஆகப்போகிறது? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. கட்டில், கோழிக்கூடு, தையல் மெஷின் என்று ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். தப்பிச்சோம் அக்கா என்று யாரோ தோளைத் தட்டினார்கள். ஆமாம் ஆமாம் என்று விலக்கிக்கொண்டு நடந்தாள்.

தம்பி தன் வீட்டுக் கூரைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பல்சக்கரம் தேய்ந்திருந்தது. பிரேக்கில் தப்பில்லை. உன் கையில் தப்பில்லை. யார் நின்றிருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார்.

அவன் அழுவான், அல்லது தன்னைக் கட்டிக்கொள்வான் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தாள். அவன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்குவது போலத்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் அது நின்றுவிட்டது.

"அண்ணனுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் யோசித்து வந்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை. பொய் சொல்லலாம்தான். போன வாரம் என்று சொல்லலாம். அவன் கண்ணைப் பார்த்த பிறகு அவளுக்குப் பொய் வரவில்லை.

"அடுத்த வருஷமே தெரியும் தம்பி."

"உங்களுக்கு?"

"எனக்கும்."

அவன் மிச்சக் கயிற்றையும் அவிழ்த்து, நிதானமாகச் சுருட்டி, திண்டின் மேல் வைத்தான்.

"இருட்டப்போகுது அண்ணி, பாத்துப் போங்க" என்றான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.