தள்ளிக்கொண்டு போன கார்

சனிக்கிழமை மாலை தம்பி தன் புதுக் காரை அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்க மனசு வரவில்லை. அக்கா வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடா" என்றாள். மூச்சு விடுவதற்குள், "காலைல ஆறு மணிக்கு எழுந்துடு. என் காரைத் தள்ளணும்" என்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா புருஷன் மாமாவுக்குக் கார் பைத்தியம் பிடித்திருக்கிறது, எங்கேயோ கிடங்கு மூலையில் கிடந்த நாற்பது வருஷப் பழைய வண்டியை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறார் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை ஊதிப் பெருக்கியவர்களில் அவனும் ஒருவன். வீட்டுப் பக்கத்துக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவர் நெடுக டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் அக்காவின் குண்டுக் கையெழுத்து. 'முன் சக்கரம், இடது.' 'மூடி போல்ட், ஒன்று குறைகிறது.' மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மாமா, டார்ச் பிடிப்பதும் டீ போடுவதும்தான் தன் பங்கு என்று சிரித்தார்.

அக்கா துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். நானூறு மெஷின்கள் அவள் பொறுப்பு. அது தம்பிக்குத் தெரியும். ஆனால் ஸ்குரூ டிரைவரோடு சுற்றுகிற வேலை என்பதற்கு மேல் அதைப் பற்றி அவன் யோசித்ததில்லை.

"எஞ்சினைத்தான் உள்ள வெச்சாச்சே, அப்புறம் ஏன் தள்ளணும்?"

"பெட்ரோல் பம்ப் இல்லை. நாளைக்கு அங்க ஒருத்தர் கொண்டு வர்றார். அங்கயே மாட்டி, அங்கயே ஸ்டார்ட் பண்ணப் போறேன்."

'அங்க' என்றால், முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு காலைச் சிற்றுண்டிக் கடை. ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு அதன் பார்க்கிங்கில் கார் பிரியர்கள் கூடுவார்கள். அக்கா எட்டு மாதமாக ஓடாத காரைத் தள்ளிக்கொண்டே அங்கே போய் வந்திருக்கிறாள். நீ மட்டும் போய் உதவி கேட்டால் போதாதா என்றதற்கு அவள் சொன்னாள்: "கார் இல்லாமப் போனா கதை பேசுவாங்க. கார் முன்னால நின்னாத்தான் சட்டைக் கையை மடக்குவாங்க."

"அப்போ என் கார்ல கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்க்கா."

"கயிறு மாட்ற கொக்கி உன் கார்ல எங்க இருக்கு, காட்டு."

தம்பி முன்னால் குனிந்து பார்த்தான். பின்னால் போய்ப் பார்த்தான். "புத்தகத்துல போட்டிருக்கும்" என்று முணுமுணுத்தான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் அக்கா ஸ்டியரிங்கில் உட்கார, மாமாவும் தம்பியும் பின்னால் கை கொடுத்தார்கள். தவிட்டு நிறத்தில் பாதி, சிவப்புப் பூச்சில் பாதி என்றிருந்த அந்த வண்டி நகரத் தொடங்கியது. சைக்கிளில் போனவர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தம்பிக்கு மானம் கப்பலேறியது. மாமாவோ பழக்கப்பட்டவராக, "மாப்ளே, முதுகால தள்ளாதே, தொடையால தள்ளு" என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தார்.

பார்க்கிங்கில் முப்பது கார்களாவது இருந்தன. பானட்டுகள் திறந்திருந்தன, மேலே காபிக் கோப்பை வைக்க யாருக்கும் தைரியமில்லாத அளவுக்கு எல்லாம் மின்னின. தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். நட்ட நடுவில் ஓர் இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது.

"அக்கா வந்தாச்சு!" என்று ஒரு குரல் வானம் அதிர ஒலித்தது. பேக்கரிக்காரர் அவர். அந்தத் தொண்டைக்காகவே அவருக்கு 'இடி' என்று பெயர். பழைய இரும்புக் கிடங்குகள் எல்லாம் அலசி, பம்பைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். காரின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தவர் லாரி ஓட்டுகிற அம்மா. கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். தரையொட்டிய தன் நீலக் காரைவிட அந்தக் கார்பரேட்டரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். தம்பி தன் காரின் தொடுதிரை எத்தனை அங்குலம் என்று யாரிடமாவது சொல்லலாம் என்று வந்திருந்தான். கேட்க ஆளில்லை.

அக்கா பம்பை மாட்டி முடித்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு முறை உறுமி, மூன்றாவது முறை படார் என்று வெடித்தது. கார்பரேட்டர் வழியாக ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

அப்புறம் ஆளுக்கு ஒரு வைத்தியம். பெட்ரோல் அதிகம் என்றார் ஒருவர், குறைவு என்றார் மற்றவர். "பம்ப்தான் கோளாறு, என் தப்பு" என்றார் இடி, முதல்முறையாகச் சன்னக் குரலில். பல் டாக்டர் முகம் வெளுத்துப்போய், "இல்லை, கார்பரேட்டராத்தான் இருக்கும்" என்றார்.  அக்கா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "பத்து நிமிஷம் குடுங்க" என்று ஒரு காபி வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "வந்த பம்ப் மட்டம்னு சொல்லிடுக்கா. இத்தனை பேர் முன்னாடி உனக்கு எதுக்கு அவமானம்?" என்றான். அவன் ஒரு அலுவலகத்தில் பிரிவுத் தலைவன். அங்கே தப்பு என்பது எப்போதும் அடுத்த மேசையில்தான் நடக்கும்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தாள். எழுந்து போய் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஸ்பானர் போட்டு எஞ்சினை மெதுவாத் திருப்புங்க."

மாமா திருப்பினார். எஞ்சினுக்குள்ளிருந்து காற்று அழுத்தி அவள் விரலைத் தள்ளியது. "நிறுத்துங்க!" பிளக்குகளுக்கு முறைவைத்து மின்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.  பிறகு நெற்றியில் கரிக் கையாலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"பம்ப் சரியா இருக்கு. கார்பரேட்டரும் சரியா இருக்கு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான்தான் இந்த டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுத்துத் திருப்பி மாட்டியிருக்கேன். தையல் மெஷின் கணக்குல சொன்னா, ஊசி இறங்குறப்போ நூல் எதிர்ப்பக்கம் நிக்குது. முழுக்க என் தப்பு."

யாரும் கேலி செய்யவில்லை. லாரி அம்மா மட்டும், "நான் இதையே ரெண்டு தடவை பண்ணியிருக்கேன், ரெண்டாவது தடவை புருவம் போச்சு" என்றாள். இடிக்குத் தொண்டை திரும்பக் கிடைத்தது. பல் டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான். முப்பது பேர் நடுவில் தன் தப்பைத் தானே எடுத்து வைத்துவிட்டு, அதைத் திருத்துவதிலேயே கண்ணாக இருக்க முடிகிறதே என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. இப்படி ஒருத்தி தன் பிரிவில் இருந்தால் மேலதிகாரி ஆக்கியிருப்பார்களா, வேலையை விட்டு அனுப்பியிருப்பார்களா என்று யோசித்தான். பதில் தெரிந்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் எல்லாம் திரும்ப மாட்டப்பட்டது. சாவி திரும்பியது. எஞ்சின் ஒரு தும்மல் போட்டது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முதலில் தடதடவென்று, போகப்போக ஒரே சீராக. கைதட்டல் எஞ்சினையே அமுக்கிவிட்டது. "சும்மா இருங்க, சத்தம் கேக்கணும்!" என்று அக்கா அதட்டினாள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், இடி உட்பட.

"ஏறுங்க, ஒரு சுத்துப் போகலாம்" என்று அவள் மாமாவைக் கூப்பிட்டாள்.

மாமா நகரவில்லை. "மாப்ள ஏறட்டும். நான் வெளிய நின்னு பார்க்கறேன். எட்டு மாசமா இதோட பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன். முன்னால வர்றதை ஒரு தடவை பார்க்கணும்."

தம்பி ஏறினான். இருக்கையில் ஸ்பிரிங் குத்தியது, காலடியில் தகரம் அதிர்ந்தது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. வண்டி கார்களுக்கு நடுவே நடைவேகத்தில் போனது. கார்க்காரர்கள் இருபுறமும் ஒதுங்கி, ஏதோ பெரிய மனுஷருக்கு வழிவிடுவதுபோல நின்றார்கள். முனையில் திரும்பி வந்தபோது எதிரே மாமா, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லத் தெரியலக்கா" என்றான். அவன் ஒரு காரைப் பற்றி அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை.

வண்டியை நிறுத்தியும் அவள் எஞ்சினை அணைக்கவில்லை. பானட்டைத் திறந்து குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கையெல்லாம் கிரீஸ். மாமா கடைக்குள் போய் முட்டையும் ரொட்டியும் வாங்கிவந்து, துண்டு துண்டாகப் பிய்த்து அவள் வாயில் வைத்தார். அவள் எஞ்சினைவிட்டுத் திரும்பாமல் மென்றாள். "உப்பு கம்மி" என்றாள். தம்பி உப்பு வாங்க ஓடினான்.