நுனி கருகிய ஆறு செடிகள்

இலை நுனிகள் பூனை நகம் மாதிரி கீழே மடங்கியிருந்ததைப் பார்த்த அன்றே எல்பியோவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு கை விளையாடுகிறது.

மொந்தெவிதேயோ துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பின்னறையில், விளக்குகளுக்கு அடியில், அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறபடி முறையாகப் பதிவு செய்த ஆறு கஞ்சாச் செடிகள். அதில் வடிக்கிற எண்ணெய்தான் மனைவி நிபியாவின் மூட்டுவலிக்கு மருந்து. போன அறுவடையின் எண்ணெய் சீசாவின் அடிக்கு வந்துவிட்டது. இந்த ஆறும் கெட்டால் மிச்சக் குளிர்காலம் முழுக்க அவள் விரல்களை மடக்க முடியாமல் தவிக்க வேண்டியதுதான். எல்பியோவுக்கு உறக்கம் போனது அதனால்தான்.

மண்ணைக் குறை சொல்ல வழியே இல்லை. மண்புழு உரம், வவ்வால் எச்சம், எலும்புத்தூள், கடற்பாசி எல்லாம் கலந்து, ஈரம் காட்டி, மூடிவைத்துப் பதமாக்கிய மண். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையடித்ததில்லை. அந்த மண்ணுக்குத் தண்ணீர் தவிர வேறெதையும் கண்ணில் காட்டக் கூடாது என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பசியாக இருந்தால் அடியிலை வெளுத்து மஞ்சளாகும். இதுவோ கரும்பச்சையாக, எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிறது. தண்ணீர் கூடிப்போயிருந்தால் இலை காம்போடு தொங்கும். இங்கே காம்பு விறைப்பாக நிற்கிறது, நுனி மட்டும் மடங்கிக் கருகியிருக்கிறது. இலைக்கு அடியில் பூச்சி இல்லை, முட்டை இல்லை. தின்று தின்று செரிக்காமல் நிற்கிற செடி இது. அவர் ஊட்டவில்லை. அப்படியானால் ஊட்டியது யார்?

வீட்டில் இன்னும் இரண்டே பேர். நிபியா, அவள் தம்பி மில்டன். பெண்டாட்டி வெளியே தள்ளிய பிறகு இலையுதிர்காலத்தில் பெட்டியோடு வந்தவன் இன்னும் ஹால் சோபாவை விட்டு எழவில்லை. புகை பிடிக்கக் கொல்லைக்குப் போவதென்றால் பின்னறை வழியாகத்தான் போக வேண்டும். போகும்போதெல்லாம் ஒரு நக்கல்.

"என்ன மச்சான், உன் பொண்ணுங்களுக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?"

"நீ கிட்டப் போகாம இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"அடேயப்பா! என் மூச்சுக் காத்து பட்டாக்கூட வாடிடுமா?"

சிரிக்கிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று எல்பியோ மனதுக்குள் குறித்துக்கொண்டார். உரச் சீசாக்களின் மூடியை முறுக்கி இறுக்கினார். ஜாம் சீசாவின் மூடியைத் திருகக்கூட நிபியா அவரைத்தான் கூப்பிடுவாள், ஆகவே அவள் கணக்கிலேயே இல்லை. பிறகு ஆறு தொட்டியிலும் மேல்மண்ணை முள்கரண்டியால் கோடு கோடாகக் கீறிவைத்தார். மறுநாள் பார்த்தால், கதவோரத் தொட்டிகளில் கோடுகள் கரைந்து மண் வழவழவென்று கிடந்தது. யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள்.

அவ்வளவுதான். மனிதர் பொங்கிவிட்டார்.

"உனக்கு சோறு போட்டு, படுக்க இடம் குடுத்தா, உன் அக்கா மருந்துலயே விஷம் வைக்கிறியாடா?"

மில்டன் சோபாவிலிருந்து எழுந்தான். வாயைத் திறந்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"பாரு, பதில் இல்ல! வார்த்தையே வரல!" என்று கத்திக்கொண்டே எல்பியோ அவன் பையைத் தூக்கி மழையில் நனைந்த நடைபாதையில் எறிந்தார். ஜன்னலோரம் நின்ற நிபியா ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப்பிறந்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்ற வெட்கம் போல என்று எல்பியோ நினைத்துக்கொண்டார், அவள் மேல் இரக்கமும் பட்டார்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. கொழுந்தில் வருகிற புது இலையைத்தான் பார்க்க வேண்டும். மில்டன் போன சில நாளில் புது இலைகள் நுனி மடங்காமல் நேராக விரிந்தன. எல்பியோ நிபியாவை இழுத்துவந்து காட்டினார். "கண்ணால பாரு கிழவி! அவன் போனான், நோய் போச்சு."

"ம்," என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னறையைப் பெருக்கும்போது, நிபியா காலையில் உட்கார்ந்து மாத்தே என்கிற மூலிகைத் தேநீரை உறிஞ்சுகிற நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழைய தெர்மாஸ் தட்டுப்பட்டது. இந்த ஊரில் கக்கத்தில் மாத்தேவுக்கான வெந்நீர்த் தெர்மாஸ் இல்லாமல் நடமாடுகிறவர்கள் கிடையாது, அதனால் யார் கையில் தெர்மாஸ் இருந்தாலும் யாரும் பார்ப்பதும் கிடையாது. ஆனால் இது கனத்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. மாத்தேவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிற பாவி இந்த ஊரில் யார்? மூடியை அவரே பல்லைக் கடித்துக்கொண்டுதான் திருக வேண்டியிருந்தது. திறந்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கோழி எச்சம் ஊறிய தண்ணீர்.

எல்பியோ அதை வெற்றிக் கோப்பை போல ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "ஆதாரம் கிடைச்சிடுச்சு! நேரா அவன் இப்பப் புதுசா வேலைக்குச் சேந்திருக்கிற கறிக்கடைக்குப் போறேன். முதலாளி முன்னாடியே இதை மோந்து பாக்கச் சொல்றேன். அப்புறம் எவன் அவனை வேலைக்கு வைக்கிறான்னு பாக்கலாம்." ஜாக்கெட்டை மாட்டத் தொடங்கினார்.

"கிழவா, உக்காரு."

"உன் தம்பிங்கிறதுக்காக விட முடியாது."

"அது என்னோடது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுலேர்ந்து எடுத்து ஊறவச்சது நான். ஊத்தினதும் நான்."

எல்பியோ சிரித்தார். "இந்த மூடியை நீ திருகினியா? யார்கிட்ட கதை விடற?"

"திருகிக் குடுத்தது மில்டன். அழுத்தினா ஊத்துற மூக்குதானே, ஊத்த என்னால முடியும். அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கெஞ்சினேன். நீ அவன் பையைத் தூக்கி எறிஞ்சப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கல அவன். நான் பேசாம நின்னேன். அந்தக் குத்தம் எனக்குத் தீராது. அதுக்கப்புறம் ஊத்த எனக்கு மனசே வரல."

ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் மாட்டியபடி எல்பியோ நின்றார். "உன் மருந்தை நீயே எதுக்குக் கெடுக்கணும்?"

"அந்த எண்ணெய் எனக்கு ஒத்துக்கல. வலி போகல, தலைதான் சுத்துது. மே மாசம், குளிர் ஆரம்பத்துல, குளியலறையில விழுந்தேனே, அது சோப்பு வழுக்கி இல்ல."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். எத்தனையோ தடவை. வலி கேக்கலன்னு சொன்னா, அளவு பத்தலன்னு இன்னும் ரெண்டு சொட்டு விட்ட. தலை சுத்துதுன்னா, வெறும் வயித்துல குடிச்சிருப்பன்னு இன்னும் ரெண்டு சொட்டு. இந்த அறுவடை இதைவிட வீரியம்னு வேற குதிச்ச. எனக்கு பயமாப் போச்சு. செடிக்கு நோய் வந்து செத்தா யார் மேலயும் பழி வராதுன்னு நினைச்சேன்." அவள் வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள். "நீதானே வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவ. பசியில செடி சாகாது, அதிகமா ஊட்டினாத்தான் சாகும்னு."

எல்பியோவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? துறைமுகத்தை விட்டு வந்த பிறகு காலையில் எழுந்திருக்க அவருக்கிருந்த ஒரே காரணம் அந்த எண்ணெய். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் ஒவ்வொரு சொட்டையும் முகம் சுளிக்காமல் விழுங்கியிருக்கிறாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஜாக்கெட்டின் மறு கையையும் மாட்டிக்கொண்டு, "மில்டனை நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்றார்.

"வருவானான்னு தெரியல."

"வரலன்னா அங்கயே நிக்கிறேன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பவும் வலிக்குதா?"

எண்ணெய்ச் சொட்டுக்குழாயைக் கையில் பிடிக்காமல் அவர் அந்தக் குளிர்காலத்தில் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நிபியா முதலில் அவர் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே, "ஆமா," என்றாள்.