ஜேர்மனிக்குப் போன பாட்டுக்காரன்

வலது கை கோட்டுக்குள் போய்விட்டது. இடது கைதான் மறுத்தது. தங்கச்சி யோசப்பின், செத்துப்போன தமையனின் தோளை மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடிக்க, கோயில் மணி அடிக்கிற இன்னாசித்தம்பி அந்தக் கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். விறைத்த கை, அசைந்து கொடுக்கவில்லை.

“பிள்ளை, முதுகுப் பக்கத்தை வெட்டிப்போட்டு முன்னாலை செருகி விடுவம். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது. பெட்டிக்குள்ளை ஆர் முதுகைப் பாக்கப் போயினம்?”

“வெட்டவேண்டாம் அண்ணை.”

“வெளியிலை சனம் வந்துட்டுது, பிள்ளை.”

“வெட்டவேண்டாம் எண்டெல்லே சொல்லுறன். ஒருநாளும் போடாத கோட்டு.”

கடைசியில் வெட்டத்தான் வேண்டி வந்தது. கத்தரிக்கோலை இன்னாசித்தம்பிதான் பிடித்தார். யோசப்பின் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படலைக்கு வெளியே வேலி நீளத்துக்குச் சைக்கிள்கள் சாத்தியிருந்தன. இந்தப் பண்டத்தரிப்பு வீட்டுக்கு இத்தனை சைக்கிள் வந்தது அவள் கலியாணத்துக்குக்கூட இல்லை.

எல்லாம் சுவாமியாரால் வந்தது. நேற்றுப் பொழுதுபட அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தவர் புதுசு, இளந்தாரி. பெயரென்ன என்று கேட்டார். சாகிற மனிசனுக்குச் செபம் சொல்லக் கேட்கிறபோது பொய் சொல்ல யோசப்பினுக்கு வாய் வரவில்லை. குருநகர் கனிசியஸ் என்றாள். சுவாமியார் எண்ணெய்ச் சிமிழைக் கீழே வைத்துவிட்டு அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். இரவு கனிசியஸ் செத்துப்போக, காலைப் பூசையில் பிரசங்கம் செய்யாமல் அந்தப் பெயரைச் சொல்லி அந்த மனிசன் அழுதிருக்கிறார். பூசை கண்ட சனம் சந்தைக்குப் போனது. சந்தையிலிருந்து மரக்கறிச் சைக்கிள்காரர் அச்சுவேலிக்கும் அங்கால் கொடிகாமத்துக்கும் செய்தியைக் கொண்டுபோய்விட்டார்கள். பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலுக்கு ஆலாய்ப் பறக்கிற காலத்திலும் செய்திக்கு மட்டும் எங்கிருந்தோ கால் முளைத்துவிடுகிறது.

கனிசியஸ் என்றால் அந்த நாளில் சும்மா ஆளில்லை. மற்றவர்களின் பாட்டுக்குச் சனம் துள்ளும். கனிசியஸின் பாட்டுக்குச் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கும். தானே எழுதி, தானே கிற்றாரை மீட்டி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடுவான். றேடியோவில் அவன் குரல் வந்தால் குசினியில் அகப்பை நிற்கும். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் அவன் ஜேர்மனிக்குப் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டதும், குருநகர்க் கடற்கரையில் மேடை போட்டுப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டார்கள். அங்கை குளிரெண்டு சொல்லி ஒரு கோட்டும் தைப்பித்துக் கொடுத்தார்கள். கடைசிப் பாட்டுக்கு அழாத ஆளில்லை.

கனிசியஸ் கொழும்பைத் தாண்டவில்லை. ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டோடு தலைமறைவாகிவிட்டான். லொட்ஜில் மாதக் கணக்காகக் கிடந்துவிட்டு, ஒருநாள் தாடியும் கோட்டுப் பார்சலுமாகத் தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“பிள்ளை, நான் வந்தது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அழுதழுது அனுப்பின சனம். எந்த முகத்தோடை போய் நிக்கிறது?”

யோசப்பின், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுருவத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தாள். கொஞ்ச நாள் ஒன்பது வருசமாய்ப் போனது. இதற்குள் கடலுக்குப் போன அவள் புருசன் திரும்பி வரவில்லை, ஷெல் விழுந்த குருநகர் வீட்டோடு கிற்றாரும் போனது, அண்ணைக்குச் சீனி வருத்தம் வந்தது. மாறி மாறி வந்து குடியிருந்த அக்கம்பக்கத்துக்கு அவன் ‘யோசப்பினின்ரை வருத்தக்காரத் தமையன்’. ஆரென்ற விசயம் தெரிந்தது இன்னாசித்தம்பி ஒருவருக்குத்தான். ஊர் முழுக்க ஆளைக் காணவில்லை என்றால் வெளிநாடு என்பதுதானே கதை. கனிசியஸ் ஜேர்மனியில் பாடிக்கொண்டிருக்கிறான் என்று சனம் நம்பிக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு ஒரு நாள். இன்னும் சில மணித்தியாலம். பெட்டி மூடுமட்டும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், அண்ணைக்குக் கொடுத்த வாக்கு முடிந்துவிடும் என்று யோசப்பின் தனக்குள் சொல்லிக்கொண்டாள். போர்வையை இழுத்து அவன் கால்களை நன்றாக மூடினாள். சாம்பிராணியை இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

“கதவைத் திறவுங்கோ அண்ணை” என்று இன்னாசித்தம்பியிடம் சொன்னாள்.

முதலில் உள்ளே வந்தவள் அச்சுவேலி இராசமலர். வாட்டசாட்டமான மனிசி, பின்னால் ஒல்லியாய்ப் புருசன். பெட்டியைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு குழறினாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டு யோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பக்கா வந்தவர்?”

“போன மாதம்.”

“கோட்டைப் பாருங்கோ, ஜேர்மனிக் கோட்டு. என்ன வடிவாய்க் கிடக்கு! அங்கையும் பாடினவரோ?”

“ஓம்.” யோசப்பின் கோட்டின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள். “பாடினவர்.”

“நான் சொன்னனான்தானே இவரிட்டை! வெள்ளைக்காரருக்கு நடுவிலை நிண்டு எங்கடை பாட்டைப் பாடுவார் எண்டு.”

“இவளுக்கு என்னைக் கட்ட முதலே அவரிலைதான் விருப்பம்” என்றான் புருசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“செத்தவீட்டிலை வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ. அக்கா, என்ன வருத்தம்?”

“நெஞ்சுவருத்தம். திடீரெண்டு.”

பொய் சொல்லச் சொல்ல நா பழகிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஜேர்மனியில் எந்த ஊர்? பனி கொட்டுமாமே? பாட்டுக் கசற் அடிச்சு விட்டவரோ? யோசப்பின் சொல்லிக்கொண்டே போனாள். பெரிய மண்டபத்தில் பாடினவர் என்றாள். சனம் எழும்பி நின்று கைதட்டினதாம் என்றாள். துக்கத்துக்குள்ளும் அந்த முகங்களில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்க்க அவளுக்கே ஒரு நிமிசம் அதெல்லாம் நடந்ததுபோல இருந்தது.

வெளியே வளவில் ஆரோ அவன் பாட்டொன்றை மெல்லத் தொடங்கினார்கள்.

“கடைசி பஸ்ஸும் போயிட்டுது,
கரையோரம் நடந்து வாறன்,
கதவைச் சாத்திப் போடாதை…”

ஒருவர் இருவராகி, வளவு முழுக்கப் பாடியது. ஆரும் குரலை உயர்த்தவில்லை. அவன் பாடினபடியே, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோலப் பாடினார்கள். இந்த ஒன்பது வருசத்தில் இந்த வீட்டுக்குள் அவன் ஒரு வரி பாடினதில்லை. வேலிக்கு வெளியே கேட்டுவிடும் என்று பயம். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற செல்வரட்ணம் ரியூப் ஒட்டும்போது இந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பான். அவள் வந்து சொல்வாள். “சுருதி சேருதோ?” என்று அண்ணை கேட்பான். சேருது என்றால் அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிடுவான்.

அந்தச் செல்வரட்ணம் இப்போது வாசலில் நின்றான். கையெல்லாம் கிறீஸ். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். யோசப்பினைக் கண்டதும் திகைத்துப்போனான்.

“அக்கா… நீங்களோ? உங்கடை சைக்கிளுக்கு எத்தினை தரம் காத்தடிச்சுத் தந்தனான். அவரின்ரை தங்கச்சி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

அவள் பதில் சொல்லுமுன் அவன் பெட்டியடிக்குப் போய்விட்டான். வாய்விட்டு அழுதான். பெரியவர்களைக் கும்பிடுகிற முறையில் குனிந்து கால் பக்கத்துப் போர்வைக்குள் இரண்டு கைகளையும் வைத்தான்.

“தம்பி, காலைத் தொடாதேங்கோ!”

பிந்திவிட்டது. போர்வை விலகியது. இடது காலில் விரல்கள் இல்லை. கணுக்கால் வரை சுற்றியிருந்த துணியில் ஊறல் கறுத்துக் கிடந்தது. சாம்பிராணியையும் மீறி அந்த மணம் எழும்பியது. செல்வரட்ணம் மூக்கைப் பொத்தவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, இது சீனிப்புண்ணெல்லோ?”

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

“எனக்குத் தெரியும் அக்கா. என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான். நெஞ்சுவருத்தம் எண்டு வெளியிலை கதைக்கினம்… இன்சுலின் போட்டவரோ?”

“போட்டவர். கிடைக்கேக்கை போட்டவர். ஆசுப்பத்திரியிலை மருந்து வரேல்லை, அடுத்த கிழமை வாருங்கோ, அடுத்த கிழமை வாருங்கோ எண்டு திருப்பித் திருப்பி அனுப்பினவை. கடைசி ஒரு மாதம் ஒண்டுமே இல்லை.”

செல்வரட்ணம் மெதுவாக நிமிர்ந்தான்.

“எங்கடை வீட்டிலை மூண்டு போத்தில் கிடக்குது.”

“என்ன?”

“அம்மா மாசியிலை செத்தவ. சுவிசிலை இருக்கிற தம்பி கொழும்பாலை வந்த ஒராளிட்டைக் குடுத்து விட்டது. வந்து சேர அம்மா இல்லை. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிஞ்ச கையோடை ஆருக்கும் குடுக்கவேணும் எண்டு நினைச்சனான். ஆருக்கெண்டு தெரியாமல் ஈரமணல் சட்டியிலை வைச்சிருக்கிறன். கடைக்குப் பின்னாலைதான் வீடு, அக்கா. கூப்பிடு தூரம்.”

பாட்டு உள்ளே இருந்தவர்களிடம் முதலில் நின்றது. பிறகு வாசலில் நின்றது. பிறகு வளவில் நின்றது. என்ன ஏதென்று தெரியாமல் படலையடியில் மட்டும் இரண்டொருவர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஜேர்மனியிலை இல்லாத மருந்தோ?” என்றாள் இராசமலர். அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

யோசப்பின் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன கிழமை ஒரு பின்னேரம் அந்தக் கடையில் காற்றடிக்க நின்றது ஞாபகம் வந்தது. சைக்கிளில் காற்று இருந்தது. அவள் வேறு ஒன்றைக் கேட்கத்தான் போனாள். தம்பி, நீர் பாடுகிற பாட்டுக்காரன் என்ரை வீட்டிலை கிடந்து சாகிறான், உமக்குத் தெரிஞ்ச இடத்திலை மருந்து கேட்டுப் பாரும் என்று சொல்ல நினைத்தாள். “என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று அவனே கேட்டான். ஒண்டுமில்லைத் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தாள். சத்தியம் செய்தவளல்லவா!

“அவர் ஒரு இடமும் போகேல்லை” என்றாள். “பாடவுமில்லை, மண்டபமும் இல்லை. உந்த அறைக்குள்ளைதான் இருந்தவர். நீங்கள் பாத்துச் சிரிப்பியள் எண்டு வெக்கப்பட்டுக்கொண்டு உந்த அறைக்குள்ளையே கிடந்தவர்.”

“ஒன்பது வருசமுமோ?”

“ஓம்.”

இராசமலர் நிலத்தில் குந்திவிட்டாள். “நாங்களென்ன பிறத்தியாரோ அக்கா?” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

யோசப்பினுக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. நேற்றிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, இப்போது வந்தது. அது துக்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோட்டின் நெஞ்சில் கையால் அடித்தாள்.

“எழும்பு! எழும்பிப் பார், விசரா! உன்ரை சனம் வந்து நிக்குது. ஒருத்தராவது சிரிக்கினமோ பார். கூப்பிடு தூரத்திலை மருந்தை வைச்சுக்கொண்டு என்னை என்னத்துக்குச் சத்தியம் பண்ணச் சொன்னனி? நானும் ஒரு மாடு, கேட்டுக்கொண்டிருந்தன். ஐயோ, ஒரு வாய் கேட்டிருந்தால்! ஒரேயொரு வாய்!”

இன்னாசித்தம்பி அவளைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார். செல்வரட்ணத்தைக் காணவில்லை.

மூன்றரைக்குப் பெட்டியை எடுத்தார்கள். குண்டு போடுகிற பொம்மர் வருகிறதுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று சுவாமியார் சொன்னார். கோயிலில் பூசை சுருக்கமாக முடிந்தது. கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குப் போகிற ஒழுங்கையில் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான சனம் நடந்தது. பாடுவோமா என்று ஆரும் கேட்கவில்லை, பாடவுமில்லை. சில்லுகள் மட்டும் டிக் டிக்கென்று சுற்றின.

பெட்டி குழிக்குள் இறங்கியது. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். முதல் பிடி மண்ணை யோசப்பின் போட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். இராசமலர் போட்டாள், அவள் புருசன் போட்டான்.

அப்போது சனத்தை விலக்கிக்கொண்டு செல்வரட்ணம் வந்தான். மூச்சு இரைத்தது. ஏன் போனான், எதற்கு எடுத்துவந்தான் என்று அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கையில் ஒரு ஈரத்துணிப் பொட்டலம். அதைப் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். மண் அள்ளக் கை இல்லை. யோசப்பினிடம் நீட்டினான்.

“மூண்டும் நல்ல மருந்தக்கா. ஒண்டும் பழுதாகேல்லை.”

அவள் வாங்கிக்கொண்டாள். துணி சில்லென்று இருந்தது. உள்ளே சின்னப் போத்தில்கள் ஒன்றோடொன்று முட்டின. செல்வரட்ணம் குனிந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளினான்.

மண்வெட்டிக்காரர் தொடங்கிவிட்டார்கள். பின்னேர வெய்யில் சேமக்காலை மதிலுக்கு மேலால் நேரே யோசப்பினின் கையில் விழுந்தது. இந்த மருந்துக்குச் சூடு ஆகாது. அவள் சீலைத் தலைப்பை இழுத்துப் பொட்டலத்தை மூடினாள். வெய்யில் படாதபடி உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றுகொண்டாள்.