கண்ணை மூடு, கையை நீட்டு

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போகவிடாதவர் அண்ணன். சர்ச்சுக்கு வருகிற பங்கு மக்கள் எல்லாரும் ஃபாதர், ஃபாதர் என்று கைகூப்புகிற மனுஷன், தங்கச்சிக்கு போன் போட்டால் மட்டும் "என்ன வாலு, இன்னைக்கு யாரைக் கொன்னே?" என்றுதான் ஆரம்பிப்பார். டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவளிடம் வேறு எப்படிக் கேட்பது?

அவள் வேலை பார்த்த சேனலில் கிறிஸ்தவச் சாமியார்களுக்கு நல்ல காலமே வந்ததில்லை. ஒரு சீரியலில், பாவசங்கீர்த்தனத்தில் ஒருத்தர் அறிக்கையிட்ட பாவத்தைப் போலீசிடம் போய் ஒப்பித்த சாமியார். அடுத்ததில் அநாதை இல்லத்துச் சொத்தை ஏப்பம் விட்டவர். அதற்கடுத்ததில் சும்மா சிரிப்புக்கு ஒரு குடிகாரர். ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால், பாடகர் குழுவை நடத்துகிற பாட்டு மாஸ்டர் அவளை வாசலிலேயே மடக்கிவிடுவார்.

"ஏம்மா, உங்க சேனலுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம்? நம்ம ஆளுங்கன்னா அவ்வளவு இளக்காரமா?"

"எல்லாரையும்தான் காட்டுறாங்க மாஸ்டர்" என்று மழுப்பிவிட்டு நகர்வாள்.

மழுப்பல்தான், அவளுக்கே தெரியும். கதை பேசுகிற அறையில் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டும் பார்த்தாள், ஒரு நல்ல சாமியார் வரட்டுமே சார் என்று. டைரக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல சாமியாரை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? பூசை முடிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். உங்க மதத்து மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அங்கியைப் போட்டு நடக்கவிட்டு, பின்னாடி ஒரு மணி அடிச்சா போதும், இந்த ஆள் எதையோ மறைக்கிறான்னு ஜனங்களுக்குப் பட்டுடுது. எனக்கு ரெண்டு சீன் மிச்சம்." அத்தோடு விட்டாரா? "சாமியார் தங்கச்சி வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாங்கப்பா!" என்று ஒரு குத்தல் வேறு. அறையே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் எழுந்து போயிருந்தால் பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது.

புது சீரியலில் வில்லன் ஒரு சாமியார். குழந்தைகளிடம் தப்பாக நடக்கிறவன். அதை எழுத அவளுக்குத் தயக்கமில்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்ததும், பெரியவர்கள் அதை மூடி மறைத்ததும் உண்மைதானே. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டைரக்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அட்டையில வெட்டின ஆள் மாதிரி நிக்கிறான்மா. உயிரே இல்ல. உங்களுக்குத் தெரியாத சாமியாரா? இல்ல, மனசு வரலையா?"

மனசு வரலையா என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. நானா பாரபட்சம் பார்க்கிறவள், பார் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். நினைவில் அகப்பட்டது அண்ணனின் மிட்டாய் டப்பா.

அது சின்ன வயதுக் கதை. அப்பா செத்த அன்று சர்ச்சில் அவள் அழுத அழுகையில் பூசை வைத்தவருக்கே வார்த்தை தடுமாறியது. யார் தூக்கியும் அடங்கவில்லை. அப்போது சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக இருப்பார், பக்கத்தில் வந்து குந்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நகத்தால் டக் டக் என்று தட்டினார். "கண்ணை மூடு, கையை நீட்டு" என்றார். உள்ளங்கையில் ஒரு பெப்பர்மிண்ட். அழுகை நின்றது. சாமியாரான பிறகு அதே டப்பா அங்கிப் பைக்குள் போனது. பூசை முடிந்து வாசலில் அவர் வந்து நின்றால் போதும், வாண்டுகள் எல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டியபடி வரிசை கட்டிவிடும்.

டப்பாவை எழுதினாள். நகத்தால் தட்டுவதை எழுதினாள். அந்த வார்த்தைகளையும் அப்படியே எழுதினாள். நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டாள், பாவி.

படப்பிடிப்புக்கு அவளும் போயிருந்தாள். சாமியாராக நடித்தவர் தங்கமான மனுஷன். இடைவேளையில் பிள்ளைகளுக்கு விடுகதை போடுகிறவர். கேமரா ஓட ஆரம்பித்ததும் டப்பாவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "கண்ணை மூடு... கையை நீட்டு" என்றார். எதிரில் நின்ற சின்னப் பெண் கண்ணை மூடியது. லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் "அடப்பாவி!" என்று முனகினார்.

அவள் நேரே டைரக்டரிடம் போனாள். "சார், அந்த டப்பாவை எடுத்துடலாமா?"

"எதுக்கு?"

அது எங்க அண்ணனோடது சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை வரை வந்தது. சாமியார் தங்கச்சி என்று மறுபடி அந்த அறை சிரிப்பது காதில் கேட்டது. "இல்ல... கொஞ்சம் ஓவரா இருக்குமோன்னு" என்றாள்.

"ஓவரா? நல்லா கேட்டீங்க! இந்த எபிசோட்ல உயிரோட இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"சரி சார்" என்று திரும்பி வந்தாள். ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சீரியல் வரப்போகும் வாரம் அண்ணன் போனில் கூப்பிட்டார். குரலில் ஒரே சிரிப்பு. "வாலு, இங்க பெரிய ரகளை! விளம்பரத்தைப் பார்த்துட்டு பாட்டு மாஸ்டர் கொடி பிடிச்சு உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கக் கிளம்பிட்டார். ஒரு கூட்டமே சேர்ந்துடுச்சு. நான்தான் தடுத்தேன். எழுதறது என் தங்கச்சி, பொய் எழுதமாட்டா, அவளுக்கு நான் ஜாமீன்னு சொல்லிட்டேன்."

"அண்ணா..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"ஆச்சு, ஆச்சு. எனக்குத்தான் டிவி கிடையாதே, மாஸ்டர் வீட்ல போய் உட்கார்ந்து பார்க்கப் போறேன்."

எபிசோட் வந்தது. அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. யாரைக் கொன்னே என்று கேட்க ஆளில்லாத அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து அண்ணன் வழக்கம்போல வாசலுக்கு வந்து நின்றார். வரிசை இல்லை. அம்மாக்கள் பிள்ளைகளின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். "பிரசங்கம் நல்லா இருந்துச்சு ஃபாதர்" என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் கூச்சப்பட்டார்கள், அவ்வளவுதான்.

தையல்கடைக்காரம்மாவின் கடைக்குட்டி மட்டும் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தது. அண்ணன் முன்னால் நின்று கண்ணை மூடி, கையை நீட்டியது.

அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏய், இங்க வா! எத்தனை தடவை சொல்றது உனக்கு?" தையல்கடைக்காரம்மா ஓடிவந்து பிள்ளையை இழுத்தாள். இழுத்த பிறகுதான் யார் முன்னால் என்று உறைத்தது போலும், முகம் வெளுத்துவிட்டது. "ஃபாதர், உங்களைச் சொல்லல... இந்த டிவியில..."

"நீங்க செஞ்சதுதான் சரிம்மா. பிள்ளையைப் பார்த்துக்கறதுல என்ன தப்பு?" என்றார் அண்ணன். அந்தக் குட்டி கண்ணைத் திறக்காமலே இழுபட்டுப் போனது.

பாட்டு மாஸ்டர் அவளைக் கடந்து போனார். மடக்கவில்லை, கேட்கவில்லை, ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே மனுஷன்!

அங்கி மாற்றும் அறையில் அண்ணன் பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, நான் வேணும்னு..."

"தெரியும். உள்ள வா." மடிப்பதை அவர் நிறுத்தவில்லை. "மாஸ்டர் வீட்ல நிறைய பேர் வந்திருந்தாங்க. உன் பேர் வந்தப்ப நான்தான் முதல்ல கை தட்டினேன். அப்புறம் அந்த டப்பா வந்துச்சு. ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கல வாலு. அதைத்தான் தாங்க முடியல."

"மன்னிச்சிடுண்ணா."

"அப்படிப்பட்டவங்க இருந்தாங்க. எங்க ஆளுங்களே மறைச்சாங்க. காட்டு, நல்லா காட்டு. அதுக்கு நான் குறுக்க நிக்கவே மாட்டேன். ஆனா அவனுக்குன்னு ஒரு டப்பாவை நீ செஞ்சு கொடுத்திருக்கலாமே. என்னுதை எடுத்துக் கொடுத்துட்டியே."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். மாஸ்டர்கிட்ட, அந்தத் தையல்கடைக்காரம்மாகிட்ட, வீடு வீடாப் போய்..."

"என்னன்னு? எங்க அண்ணன் நல்லவன்னா?" அவர் லேசாகச் சிரித்தார். "அப்படி ஒருத்தி வந்து சொன்னா, எனக்கே சந்தேகம் வந்துடும்."

அவள் விக்கி விக்கி அழுதாள், அப்பா செத்த அன்றைக்கு அழுத மாதிரியே.

அண்ணனின் கை தன்னால் பைக்குள் போனது. டப்பா வெளியே வந்தது. தட்ட விரலைத் தூக்கியவர், தட்டவில்லை. கதவைப் பார்த்தார். அது பாதி சாத்தியிருந்தது. போய், சுவரில் முட்டும்வரை அகலத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் கையை நீட்டியிருந்தாள்.

"கண்ணைத் திற வாலு" என்றார் அண்ணன். "திறந்துக்கிட்டே வாங்கிக்கோ."